ஓடாத ஆறும் ‘ஓடுகிறது’: ஆங்கில வினைக் காலங்கள்

‘பாலாறு வேலூர் வழியாக ஓடுகிறது’ என்று எழுதினால், அது புவியியல் பாடத்தின் வரியா, இன்று காலை பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தவர் சொன்ன செய்தியா என்பது அந்த வினையைக் கொண்டு தெரியாது. ஆங்கிலத்தில் இவை இரண்டு வாக்கியங்கள். ‘தி பாலார் ஃப்ளோஸ் த்ரூ வேலூர்’ என்பது ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றுக்கும் பொருந்தும். ‘தி பாலார் இஸ் ஃப்ளோயிங்’ என்று சொல்வதற்கோ, 2021 நவம்பரில் வந்ததுபோல் தண்ணீர் வந்தாக வேண்டும். இரண்டும் நிகழ்காலமே. முன்னது ஆற்றின் இயல்பைச் சொல்கிறது, பின்னது கண்முன் நடப்பதைச் சொல்கிறது.

செயலின் இந்த நிலையை மொழியியலார் ‘ஆஸ்பெக்ட்’ என்பர். பள்ளியில் மனப்பாடம் செய்யும் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணை, மூன்று காலங்களை நான்கு நிலைகளால் பெருக்கிய கணக்குதான். அதைச் சொல்லாமல் பன்னிரண்டு காலங்கள் என்று கற்பிப்பதால்தான் பிள்ளைகள் மிரள்கிறார்கள் என்பது என் எண்ணம். உண்மையில் ஆங்கில வினை தன் உருவத்தை மாற்றிக் காட்டும் காலங்கள் இரண்டே: ‘வாக்’, ‘வாக்டு’. எதிர்காலத்துக்குத் துணையாக வரும் ‘வில்’, பழைய ஆங்கிலத்தில் ‘விரும்பு’ என்று பொருள்பட்ட வினை. காலம் மூன்று என்று தொல்காப்பியம் வினையியலில் வகுத்ததற்கேற்ப, வந்தான், வருகிறான், வருவான் என மூன்றையும் சொல்லுக்குள்ளேயே வைத்திருப்பது தமிழ்தான். காட்பாடியில் நாளை ஆறு மணிக்கு வண்டி ‘புறப்படுகிறது’ என்று நாம் சொல்வதுபோலவே ஆங்கிலத்திலும் ‘லீவ்ஸ்’ என நிகழ்காலத்தில் சொல்லலாம்; அங்கே சிக்கல் இல்லை.

சிக்கல் ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பதில் தொடங்குகிறது. அண்ணன்கள் இருப்பது தொடங்கி, நடந்து, முடிகிற செயல் அன்று. அது ஒரு நிலை. படிப்படியாக நடக்காத ஒன்றுக்கு ‘இங்’ ஒட்டுவதைத் தர ஆங்கிலம் ஏற்பதில்லை. அதே ‘ஹேவ்’ சாப்பிடுவதைக் குறித்தால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ என்பது சரியாகிவிடுகிறது.

இதைவிட நுட்பமானது ‘ஹேவ்’ துணைவினையாக வரும் இடம். ‘போன வருஷம் ஏலகிரிக்குப் போயிருக்கிறேன்’ என்று நாம் உறுத்தலின்றிச் சொல்கிறோம். அதை அப்படியே ‘ஐ ஹேவ் கான் டு ஏலகிரி லாஸ்ட் இயர்’ என்றால் பிழை. தமிழ் இங்கே ‘இரு’ என்பதைச் சேர்க்கிறது. ஆங்கிலம் உடைமையைக் குறிக்கும் ‘ஹேவ்’ என்பதைச் சேர்க்கிறது. நடந்தது நடந்துவிட்டாலும் அதன் விளைவோ அனுபவமோ இன்றும் என் கையில் இருக்கிறது என்பதே அதன் உட்பொருள். ஆகவே, இந்தக் கணம்வரை திறந்திருக்கும் காலப்பரப்பே அதற்கு வேண்டும். ‘லாஸ்ட் இயர்’ என்றதும் கதவு சாத்தப்படுகிறது. ‘ஐ வென்ட்’ என்றே சொல்ல வேண்டும்.

ஆளுக்கும் இதே விதிதான். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1960இல் மறைந்தார். ஆகவே அவர் பல மருத்துவர்களை உருவாக்கியதைச் சொல்ல ‘ட்ரெயின்ட்’ மட்டுமே வரும். அந்தச் சிறு மருத்துவமனையிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) இன்றும் இயங்குவதால் அதற்கு ‘ஹேஸ் ட்ரெயின்ட்’ பொருந்தும்.

கடிகாரம்கூட வினையை மாற்றும். காலை பதினொரு மணிக்கு ஓ.பி. வாசலிலிருந்து வீட்டுக்குப் போன் செய்பவர், ‘ஐ ஹேவ் சீன் தி டாக்டர் திஸ் மார்னிங்’ எனலாம். காலை இன்னும் முடியவில்லை. மருந்து வாங்கி, பஸ் பிடித்து, மாலை நான்கு மணிக்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதையே சொல்லும்போது அது ‘ஐ சா’ ஆகிவிடுகிறது.