மேலே 1913, கீழே 1998

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1998-ல் இரண்டு மரப் பாய்மரப் படகுகள் கடலில் இறங்கின. ஒன்று ஒயிட் விங்ஸ், இன்னொன்று வைல்டு ஹார்சஸ். இரண்டும் ஒரே அச்சு, ஒவ்வொன்றும் 76 அடி நீளம். மிதக்கும் நிலையில் பார்ப்பவர்களுக்கு அவை முதல் உலகப் போருக்கு முந்தையவை என்றே தோன்றும். உடல் தண்ணீரை விட்டு அதிகம் உயராமல் தாழ்ந்திருக்கும். அணியமும் (முன்முனை) அமரமும் (பின்முனை) தண்ணீருக்கு மேலே வெகுதூரம் நீண்டு கூம்பும். மேல்தளத்து மரமெல்லாம் வார்னிஷில் பளபளக்கும். வடிவமைத்த ஜோயல் ஒயிட் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது, நத்தானியேல் ஹெர்ரஷாஃப் என்ற மேதை வடிவமைத்து 1913-ல் நீரில் இறங்கிய 'நியூயார்க் 50' வகைப் படகுகளை.

கிரேனில் தூக்கி வைத்தால்தான் குட்டு வெளிப்படும். பழைய படகில் உடலோடு ஒன்றாக இறங்கி, அமரம் வரை நீண்டு, சுக்கானில் போய் முடியும் பெரிய ஏரா, அதாவது படகின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் பாகம், இங்கே இல்லை. அதற்குப் பதிலாக மீனின் துடுப்பைப் போல ஒடுங்கிய, ஆழமான ஒரு தகடு நடுவில் தொங்குகிறது. சுக்கான் அதிலிருந்து விலகி, பின்னால் தனியாக நிற்கிறது. தண்ணீருக்கு மேலே ஒரு காலம், கீழே இன்னொரு காலம். இந்த வகைப் படகுகளுக்கு இன்று உலகில் தனிச் சந்தையே இருக்கிறது. போட்டிகளில் தனிப் பிரிவும் உண்டு. பழைய தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்ற முடிந்ததற்குக் காரணம், கணினியோ புது உலோகமோ அல்ல என்பது என் எண்ணம். பசைதான் காரணம். அதற்கு வருவதற்கு முன், அந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

நகரும் படகு அணியத்தில் ஒரு அலையை எழுப்பும். வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளத்தை, எட்டும்போது, படகு தானே எழுப்பிய இரண்டு முகடுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது. அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் தன் அலை மீதே ஏறியாக வேண்டும். கனமான படகுக்கு அது நடக்காத காரியம். இந்த எல்லையைக் கணக்கிட ஒரு எளிய வாய்ப்பாடு உண்டு: நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வேகம் நாட் என்ற கடல் வேக அலகில் வரும். 50 அடி என்றால் ஏறக்குறைய 9.5 நாட், அதாவது மணிக்கு 17.5 கிலோமீட்டர்.

ஆகவே நீளம்தான் வேகம். பந்தயம் நடத்துபவர்களுக்கும் அது தெரியும். அதனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பந்தய விதி நீர்க்கோட்டு நீளத்தையும் பாயின் பரப்பையும் அளந்து படகுகளைத் தரம் பிரித்தது. நீளத்தை எப்போது அளப்பார்கள்? படகு அசையாமல் நேராக நிற்கும்போது. விதி எழுதியவர்கள் கோட்டை விட்டது இங்கேதான். காற்று பிடித்துப் படகு சாய்ந்தவுடன், தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த முனைகள் தண்ணீருக்குள் இறங்கும், நீர்க்கோடு நீளும். அளக்கும்போது குட்டைப் படகு, ஓடும்போது நெட்டைப் படகு! 1903-ல் அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் கோப்பையைக் காத்த 'ரிலையன்ஸ்' இதன் உச்சம். நீர்க்கோட்டில் சுமார் 90 அடி, மொத்த நீளமோ 140 அடிக்கும் மேல். வடிவமைத்தவர் அதே ஹெர்ரஷாஃப். இந்த வேலை இனிச் செல்லாதபடி அதே காலத்தில் புதிய 'யுனிவர்சல் ரூல்' விதியை வகுத்துக் கொடுத்தவரும் அவரேதான். நியூயார்க் 50 அந்தப் புதிய விதியின் கீழ் வந்த படகு. முனைகள் கொஞ்சம் அடங்கின, ஆனால் போய்விடவில்லை. நாம் இன்று அழகு என்று ரசிக்கும் அந்த வளைவு, பாதி அழகுணர்ச்சி, பாதி விதியின் ஓட்டையில் புகுந்து வந்த கெட்டிக்காரத்தனம்.

சரி, மரத்துக்கு வருவோம். பழைய முறையில் முதலில் ஏரா, அதன் மேல் வரிசையாக விலாச்சட்டங்கள், அவற்றின் மேல் நீளவாட்டில் பலகைகள். பலகைகளைச் சட்டத்தோடு பிணைப்பது செம்பு ஆணிகளும் வெண்கலத் திருகுகளும். ஆனால் ஒரு பலகையை அடுத்த பலகையோடு எதுவும் ஒட்டுவதில்லை. இடைவெளியில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கி, மேலே மக்குப் பூசுவார்கள். கலப்பற்று என்று சொல்லும் வேலை இதுதான். பிறகு படகை நீரில் இறக்குவார்கள். முதல் ஓரிரு நாள் அது ஒழுகும், யாரும் பதற மாட்டார்கள். மழைக்காலத்தில் கதவு நிலையில் இறுகிக்கொள்வதைப் போலப் பலகைகள் ஊறி உப்பி ஒன்றையொன்று நெருக்கி, ஒழுகல் தானே அடைபடும்.

இந்த உப்பலை நம்பித்தான் மொத்தப் படகும் நிற்கிறது என்பதுதான் இந்த முறையின் சிறப்பு, சிக்கலும் அதுதான். மர இழைகள் வைக்கோல் கட்டைப் போல ஒரே திசையில் ஓடுகின்றன. ஈரம் ஏறும்போது ஒவ்வொரு இழையின் சுவரும் தடிக்கிறது, ஆனால் நீளம் மாறுவதில்லை. முழு ஈரத்திலிருந்து முழு உலர்வு வரை பலகை அகலவாட்டில் மரத்துக்கு ஏற்ப 5 சதவீதம், சிலவற்றில் அதற்கு மேலும் சுருங்கும். நீளவாட்டில் அரை சதவீதம்கூட இருக்காது. வருடாவருடம் படகைக் கரையேற்றிக் காயவைத்து மறுபடி இறக்கினால், பலகைகளின் விளிம்பு நசுங்குகிறது, ஆணித் துளைகள் தளர்கின்றன. இன்னொரு பக்கம், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் முன்னும் பின்னும் முனைகளை மேலே இழுக்க, பாய்மரம் நடுவில் கீழே அழுத்துகிறது. ஒட்டாத பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவப் பார்க்கும். பலத்த காற்றில் கம்பியை எவ்வளவு இறுக்கினாலும் உடலே வளைந்து கொடுத்துவிடுவதால் முன்பாய் தொய்கிறது. தொய்ந்த பாயோடு காற்றை எதிர்த்து ஏறுவது கடினம்.

எபாக்சி, அதாவது பிசினையும் அதை இறுகச் செய்யும் திரவத்தையும் கலந்து பயன்படுத்தும் பசை, இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. மிச்சிகன் மாநிலத்தின் பே சிட்டியில் 1969-ல் தொழில் தொடங்கிய கௌஜன் சகோதரர்கள், மரத்தை எபாக்சியால் ஒட்டுவதோடு நிற்காமல் எல்லாப் பக்கமும் பூசி மூடும் முறையைப் பரவலாக்கினார்கள். பழைய படகில் மரம் ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். புதியதில் மரத்துக்கு ஈரமே போகக் கூடாது. எபாக்சிப் படலம் ஈரத்தை முழுக்கத் தடுக்காவிட்டாலும் அதன் வரவை வெகுவாக மந்தப்படுத்துகிறது. பருவம் மாறினாலும் உள்ளே ஈரப்பதம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. உப்பாத, சுருங்காத மரத்தை ஒட்டினால் ஒட்டு நிற்கும். அழுகச் செய்யும் பூஞ்சைகளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். அது கிடைக்காததால் அவையும் கிளம்புவதில்லை.

கட்டும் முறையும் மாறிவிட்டது. கணினியில் வரைந்த வடிவத்தின்படி வெட்டிய குறுக்கு அச்சுகளைத் தலைகீழாக வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் ஒடுங்கிய தேவதாரு பட்டிகளை விளிம்போடு விளிம்பு ஒட்டிக்கொண்டே போகிறார்கள். அந்த ஓட்டின் மேல் 3 மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய மரத்தகடுகளை 45 பாகைச் சாய்வில் ஒரு அடுக்கு, அடுத்ததை எதிர்ச் சாய்வில் இன்னொரு அடுக்கு என ஒட்டுகிறார்கள். இழைகள் இப்படிக் குறுக்கும் மறுக்குமாக ஓடும்போது ஒரு அடுக்கு உப்பப் பார்த்தாலும் அடுத்த அடுக்கு விடாது. முன்பு ஒவ்வொரு தகட்டையும் நூற்றுக்கணக்கான ஸ்டேப்பிள் பின்களை அடித்து அழுத்திப் பிடித்து, பசை காய்ந்ததும் பின்னை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். முதுகு ஒடியும் வேலை. இப்போது அடுக்கின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஓரங்களை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சிவிடுகிறார்கள். வெளிக்காற்று சதுர மீட்டருக்குச் சில டன் கணக்கில் எல்லா இடத்திலும் ஒரே சீராக அழுத்திக்கொடுக்கிறது. எந்த இடுக்கியாலும் இது முடியாது. ஒரு எச்சரிக்கை: எபாக்சிக்கு அளவுக்கு மீறிய அழுத்தம் ஆகாது. பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறிவிட்டால் ஒட்டு பட்டினி கிடக்கும். கலவையை வாளியில் மொத்தமாக வைத்தாலும் ஆபத்துதான். வினையின் சூடு வெளியேற வழியில்லாமல் புகைய ஆரம்பித்துவிடும். அதனால்தான் அகலமான தட்டில் பரப்பி வைத்து வேலை செய்கிறார்கள்.

வெளிவந்த ஓடு இனி பலகைகளின் கூட்டம் அல்ல, ஒரே துண்டு. அது எவ்வளவு நல்ல பொருள் என்பதைக் கணக்கே சொல்லும். சிட்கா ஸ்புரூஸ் மரத்தின் விறைப்பை அதன் அடர்த்தியால் வகுத்தால், இழையின் திசையில், எஃகுக்கும் அலுமினியத்துக்கும் ஏறக்குறைய சமமான எண் வருகிறது. ஆனால் படகின் தோல் வளைவதை எதிர்க்க வேண்டும்; அதில் தடிமனின் முப்படி வேலை செய்கிறது. சிவப்புத் தேவதாருவின் அடர்த்தி கன மீட்டருக்கு 370 கிலோ அளவில். கண்ணாடியிழைப் பலகை 1,800 கிலோவை ஒட்டி. ஒரே எடைக்கு மரம் ஐந்து மடங்கு தடிமனாக இருக்கலாம். இழைகளைப் பல திசையில் போடுவதில் பாதி விறைப்பு போய்விட்டாலும், ஐந்தின் முப்படி 125 என்பதை நினைத்தால் மிச்சமே ஏராளம். திரும்பத் திரும்ப வளைவதையும் மரம் தாங்கும்; கௌஜன் சகோதரர்கள் பின்னாளில் நாசாவின் காற்றாலைத் திட்டத்துக்கு மர-எபாக்சி இறக்கைகள் செய்துகொடுத்தது அந்தக் குணத்தை நம்பித்தான்.

இப்போது அந்தத் தொங்கும் தகட்டுக்குப் போகலாம். காற்றை எதிர்த்து ஓடும் படகு எப்போதும் சற்றுப் பக்கவாட்டில் நழுவிக்கொண்டேதான் போகும், ஒரு 3 முதல் 5 பாகை. அந்த நழுவல் தேவையும்கூட. சாய்வாக வரும் நீரில் ஏரா ஒரு இறக்கையைப் போல வேலை செய்து பக்கவாட்டு விசையை உண்டாக்குகிறது. பாயின் தள்ளலை அது சமன் செய்கிறது. இறக்கை ஒடுங்கி நீண்டிருந்தால் குறைந்த இழுவையில் அதிக விசை கிடைக்கும். பழைய நீள ஏரா, அந்தக் கணக்கில், மிகக் குட்டையான மிக அகலமான இறக்கை. உராயும் பரப்பும் கூடுதல். அதற்கும் நியாயம் உண்டு: விட்ட திசையிலேயே போகும், தரை தட்டினால் பொறுத்துக்கொள்ளும். நெடுந்தூரக் கடல் பயணத்துக்கு இன்றும் அதைத்தான் விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆழமான தகட்டின் அடியில் ஈயத்தைக் கட்டினால் இன்னொரு லாபம். படகை நிமிர்த்தும் திருப்புத்திறன் எடையையும் நெம்புகோல் நீளத்தையும் பெருக்கி வருவது. ஈயம் ஆழத்துக்குப் போகப்போகக் குறைந்த ஈயமே போதும். மேலே கார்பன் பாய்மரம் வைத்தால் இதே கணக்கு மறுபக்கத்திலும் வேலை செய்கிறது. 20 மீட்டர் உயரத்தில் 10 கிலோ குறைத்தால், 2.5 மீட்டர் ஆழத்தில் 80 கிலோ ஈயம் சேர்த்ததற்கு ஏறக்குறைய சமம். உடல் லேசானதால் மிச்சமான எடையையும் ஈயத்துக்கே ஒதுக்கலாம்.

ஆனால் இந்த ஏரா உடலோடு சேரும் இடம் மிகக் குறுகியது. பல டன் ஈயம் பக்கவாட்டில் நெம்பும் விசை முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் விழுகிறது. பலகையும் பஞ்சுமாகக் கட்டிய படகில் இதைத் தொங்கவிட்டால் அடிப் பலகைகளின் இணைப்புகள் வாய் பிளந்துவிடும். ஒரே துண்டான ஓடும், அதற்குள் தகடு தகடாக ஒட்டிச் செய்த குறுக்குச் சட்டங்களும், சில பட்டறைகளில் அதோடு ஒரு எஃகுச் சட்டகமும் சேர்ந்துதான் அந்தச் சுமையை உடல் முழுக்கப் பரப்புகின்றன. பசை இல்லாவிட்டால் கீழே 1998 இல்லை.

குறைகளும் இருக்கின்றன. அறை வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்சி 60 பாகை செல்சியஸ் அளவிலேயே நெகிழத் தொடங்கும். கடும் வெயிலில் கறுப்புச் சாயம் பூசிய மேற்பரப்பு அந்தச் சூட்டை எட்டிவிடலாம். வெள்ளையும் வெளிர் நிறமும் விரும்பப்படுவது அழகுக்காக மட்டும் அல்ல. புற ஊதாக் கதிரும் எபாக்சிக்கு ஆகாது, அதனால் மரம் தெரிய வேண்டிய இடங்களில் அதன் மேல் வார்னிஷ் பூச்சைத் தொடர்ந்து புதுப்பித்தாக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி மழைத்தண்ணீர். உப்புநீர் மரத்தை ஓரளவு காப்பாற்றும், நன்னீர் காப்பாற்றாது. மேல்தளத்தில் ஒரு கொக்கியைப் பூட்ட ஒரு போல்ட் துளை போட்டாலே கவசத்தில் ஓட்டை விழுந்த மாதிரிதான். விவரம் தெரிந்த தச்சர் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8 மில்லிமீட்டர் துளை போட மாட்டார். அதைவிடப் பெரிதாகத் துளைத்து, சுற்றியுள்ள மரத்தில் எபாக்சியை ஊறவிட்டு, துளை முழுவதையும் கெட்டியான எபாக்சியால் அடைப்பார். அது இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைப்பார். போல்ட் வழியாகத் தண்ணீர் கசிந்தாலும் அது எபாக்சிக் குழாய்க்குள் நிற்கும், மரத்தைத் தொடாது. ஒரு படகில் இப்படி நூற்றுக்கணக்கான துளைகள். அவசரத்தில் விட்டுப்போன ஒன்று போதும், பத்து வருடம் கழித்து அந்த இடம் மெத்தென்று அமுங்கும்.

பழுது பார்ப்பதில்தான் பழைய ஆட்களும் புதிய ஆட்களும் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். பழைய முறையில் உடைந்த பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்றைப் பொருத்தலாம். படகு மொத்தமும் காலப்போக்கில் இப்படியே புதிதாகிவிடும். ஒட்டிய ஓட்டில் கழற்ற எதுவுமே இல்லை. உடைந்த இடத்தை வெட்டியெடுத்து, விளிம்பைத் தடிமனைப் போல 8 முதல் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் சீவி, அதே சரிவில் புதுத் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். 30 மில்லிமீட்டர் தடிமன் என்றால், கையகல ஓட்டைக்கும் சுற்றிலும் 24 முதல் 36 சென்டிமீட்டர் நல்ல மரத்தைச் சீவித் தள்ள வேண்டிவரும். காய்ந்து, தேய்த்து, சாயம் பூசி முடித்தால் அந்த இடம் பழைய வலுவுக்கு அருகில் வந்துவிடும் என்கிறார்கள் புதியவர்கள். அந்த முப்பது சென்டிமீட்டர் நல்ல மரத்தைச் சீவச் சொன்னது யார் என்கிறார்கள் பழையவர்கள்.