விலா வலிக்குப் பின்னால் ஒளியும் மாரடைப்பு

கார் மோதியதில் ஓட்டியவரின் நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடிக்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டு விலா எலும்புகளில் விரிசல். நெஞ்சு ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்கு அத்தோடு விடை கிடைத்துவிடுகிறது. அபூர்வமாகச் சிலருக்கு அந்த வலிக்குள்ளேயே ஒரு மாரடைப்பும் இருக்கும்.

இதயம் இருப்பது மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே. அடி விழுந்ததும் மார்பெலும்பு உள்ளே அமுங்கி அதை நசுக்குகிறது. வேகமாகப் போன உடல் சட்டென நிற்கும்போது இதயம் முன்னால் பாய, அதன் மேல் படர்ந்து இதயத் தசைக்கு ரத்தம் ஊட்டும் தமனிகளும் இழுபடுகின்றன. மூன்று நான்கு மில்லிமீட்டர் விட்டமே உள்ள அந்தக் குழாய்க்கு மூன்று படலங்கள் உண்டு. மெல்லிய உட்படலம் கிழிந்தால் ரத்தம் அதற்கு அடியில் புகுந்து, சுவரில் ஒட்டிய காகிதத்தை உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போகும். உரிந்த மடல் ரத்தத்தின் வழியை மறிக்கும். மடல் மறிக்காவிட்டாலும், கிழிந்த இடத்தில் ரத்தத்தை உறையவைக்கும் அணுக்களான பிளேட்லெட்டுகள் ஒட்டி ரத்தம் உறையும். கொழுப்பே படியாத தமனிகள் கொண்ட இருபது வயதுக்காரருக்கும் இது வருவது இதனால்தான். ஏற்கெனவே கொழுப்புப் படிவு உள்ளவருக்கு அடிபட்டதில் அந்தப் படிவே வெடிக்கலாம்.

பெரும்பாலும் அடிபடுவது, மார்பெலும்புக்கு நேர் பின்னால் இறங்கும் இடது முன் தமனி. அடுத்தது வலது தமனி. பின்பக்கம் வளைந்து போகும் கிளை பெரும்பாலும் தப்பிவிடும்.

அடைப்பு உடனே வர வேண்டும் என்பதில்லை. நாட்கள், ஏன், வாரங்கள் கழித்தும் வரலாம்.

கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அடியால் இதயத் தசை வெறுமனே கன்றிப்போனாலும் இதயத் தசை காயப்பட்டால் கசியும் புரதமான டிரோபோனின் ரத்தத்தில் ஏறும். எனவே அந்த எண்ணை மட்டும் வைத்து மாரடைப்பு என்று சொல்ல முடியாது. ஈசிஜியில் இதயத்தின் முன்பக்கத்தைக் காட்டும் வி1 முதல் வி4 வரையான பதிவுகளில் எஸ்டி எனும் கோட்டுப் பகுதி தூக்கி நின்று, இதயத்தின் அசைவைக் காட்டும் எக்கோ ஸ்கேனில் இடது முன் தமனி ஊட்டும் சுவர் அசையாமல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். தமனிக்குள் சாயம் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் தீர்ப்பு சொல்லும். ஈசிஜி, டிரோபோனின் இரண்டுமே இயல்பாக இருந்தால் பெரிய இதயக் காயம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் வலியின் தன்மை மாறினால் ஈசிஜியைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். மாரடைப்பு முதலில் வந்து, அதனால் வண்டி மோதியிருக்கவும் கூடும். இதையும் விசாரிக்காமல் விடக்கூடாது.

சிகிச்சையில்தான் உண்மையான இழுபறி. வழக்கமான மாரடைப்புக்குப் போடும் ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி, மண்ணீரலோ மூளையோ காயப்பட்டவரின் உயிரைக் குடித்துவிடும். தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தாலோ ஆஸ்பிரினோடு இன்னொரு பிளேட்லெட் தடுப்பு மாத்திரையும் தொடர வேண்டும். அதிலும் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. ஆகவே தலை, வயிறு சிடி ஸ்கேனைப் பார்த்து, இதய நிபுணரும் அறுவை நிபுணரும் சேர்ந்தே முடிவெடுக்கிறார்கள். கிழிசல் சிறிதாக இருந்து ரத்தம் தடையின்றி ஓடினால், தொடாமல் கண்காணிப்பதும் உண்டு.

விலா வலி, அழுத்தினாலோ இருமினாலோ சுருக்கென்று குத்தும். மாரடைப்பு வலி பாறாங்கல்லை வைத்ததுபோல் அழுத்தி, இடது கை, தாடை என்று பரவும்; வியர்த்துக் கொட்டும். வீடு திரும்பிய பிறகு இப்படி வலித்தால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். எப்போது அடிபட்டது என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் கட்டி கரைக்கும் ஊசியைத்தான் அவர் கையில் எடுக்கக்கூடும்.