மொய் நோட்டில் ஏறாத செலவு

"வாழ்க்கையோட நோக்கம் தெரியல" என்று சொல்லிக்கொண்டு ஆலோசனைக்கு வருபவர்கள் குறைவு. தூக்கம் வரவில்லை, நெஞ்சு எரிகிறது, வீட்டில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறேன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். இசிஜி, எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்து, எல்லாமே நார்மல் என்று எழுதிய ஒரு ஃபைலும் கையில் இருக்கும். இரண்டாவது அமர்விலோ மூன்றாவதிலோதான் அந்தப் பேச்சு வெளியே வரும்: "எல்லாம் இருக்கு மேடம். ஆனா ஒரு பிடிப்பு இல்ல."

இப்படிச் சொல்பவர்களில் பலர் தோற்றுப்போனவர்கள் அல்ல, நினைத்ததை முடித்தவர்கள். வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டியவர், மகளைக் கட்டிக்கொடுத்தவர், காத்திருந்த பதவி உயர்வு கைக்கு வந்தவர், பையனை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அம்மா. பத்துப் பதினைந்து வருடம் ஓடவைத்த ஒரு விஷயம் முடிந்துபோயிருக்கும். அடுத்து எதற்காகக் காலையில் எழுந்திருப்பது என்பதுதான் பிரச்சினை.

குறிக்கோள் முடிந்துபோகும். விழுமியம், அதாவது எப்படி வாழ்வது முக்கியம் என்று நாம் மதிப்பது, முடியாது. உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய ஏற்பு-உறுதிப்பாட்டுச் சிகிச்சை முறையில் இந்த வேறுபாட்டுக்கு முக்கிய இடம் உண்டு. வீடு கட்டுவது குறிக்கோள், கிரகப்பிரவேசத்தோடு தீர்ந்துவிடும். என்னை நம்பி இருப்பவர்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வது விழுமியம். அதை ஒருநாளும் 'முடித்துவிட்டேன்' என்று சொல்ல முடியாது. வீட்டுக் கடன் தீர்ந்ததும் வெறுமை வந்தவரிடம் பேசிப் பார்த்தால், அவரை ஓடவைத்தது செங்கல்லும் சிமெண்டும் அல்ல என்று தெரியவரும். அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. (கட்டுரையில் வருகிற யாரும் ஒரே ஆள் அல்ல. பலருடைய கதைகளைக் கலந்து, ஊரையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன்.)

இந்த இடத்தில் பலரும் ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டுவார்கள். ஒன்றின்மேல் ஒன்று படிந்த நான்கு வட்டங்கள். பிடித்தது, திறமை இருப்பது, உலகத்துக்குத் தேவையானது, சம்பளம் கிடைப்பது. நான்கும் சேரும் நடுப்புள்ளிதான் 'இக்கிகாய்' (வாழ்வதற்கான காரணம்), ஜப்பானியர்களின் நீண்ட ஆயுளின் ரகசியம் என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் படம் ஜப்பானில் பிறந்ததே இல்லை. ஸ்பெயினைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் சுசுனாகா 'நோக்கம்' என்று பெயரிட்டு வரைந்த வட்டங்களின் நடுவில், 2014-ல் மார்க் வின் என்பவர் தம் வலைப்பதிவுக்காக 'இக்கிகாய்' என்று மாற்றி எழுதினார். அது உலகம் சுற்றி நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப் வரை வந்துவிட்டது.

படம் யாருடையது என்பது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. அதில் இருக்கும் சம்பள வட்டம்தான் சங்கடம். மாமியாரைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிற ஒரு பெண் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு நோக்கமே இல்லை போலிருக்கு" என்று அழுதிருக்கிறார்.

ஜப்பானில் இக்கிகாயை ஆழமாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் மனநல மருத்துவர் மியேகோ காமியா. நாகாஷிமா தீவில் இருந்த தொழுநோய் இல்லத்தில் பணியாற்றியவர். ஒரே நோய், ஒரே தனிமை, ஒரே சோறு. அப்படியிருந்தும் ஒருவருக்கு வாழ்க்கை வெறுமையாகவும் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நிறைவாகவும் இருப்பது ஏன் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1966-ல் அதைப் பற்றியே நூல் எழுதினார். அங்கே இருந்தவர்களிடம் சம்பள வட்டம் ஏது? பின்னாளில் ஜப்பானின் ஒசாகி பகுதியில் 43,391 பேரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2008-ல் வந்தது. இக்கிகாய் இருக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு 'இல்லை' என்றவர்களிடையே இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. நோக்கம் இருந்தால் ஆயுள் கூடும் என்பதற்கு இதை நேரடி நிரூபணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 'அதெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் கவலை' என்று தள்ளிவிடவும் முடியாது.

சரி, அப்படியானால் ஒருவர் தன் விழுமியத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வழக்கமான முறை, பட்டியல். அமெரிக்க உளவியலாளர் மில்டன் ரோக்கீச் 1973-ல் விரிவாக எழுதிய அளவீட்டில் 36 விழுமியங்கள் உண்டு. 18 வாழ்க்கையில் அடைய விரும்பும் நிலைகள், 18 நடந்துகொள்ளும் விதங்கள். எது வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, கேட்டால் எல்லாமே வேண்டும் என்போம். எதற்கு அடுத்து எது என்று வரிசைப்படுத்தச் சொன்னார். நானும் தமிழில் எழுதிய அட்டைகளை மேசைமேல் பரப்பி, ஐந்தே ஐந்து எடுக்கச் சொல்வேன்.

முதல் சுற்றில் பெரும்பாலானவர்கள் எடுப்பது ஒரே மாதிரிதான் இருக்கும்: நேர்மை, குடும்பம், கடமை, கடவுள் நம்பிக்கை, உழைப்பு. எடுக்கும்போதே என் முகத்தைப் பார்ப்பார்கள், சரியான விடைதானா என்று. பரீட்சை எழுதிப் பழகிய ஊர் இது, குற்றம் சொல்ல முடியாது. அப்புறம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: "இந்த அட்டைக்காகக் கடைசியாக எதை இழந்தீங்க?" இங்கேதான் கை தயங்கும். சிலர் நேர்மையைச் சத்தமில்லாமல் திருப்பி வைப்பார்கள். சிலர், அதுவரை தொடாத ஓர் அட்டையை இழுத்துத் தம் பக்கம் வைத்துக்கொள்வார்கள். 'அழகு' அட்டையை அப்படி இழுத்த ஒரு லேத் பட்டறைக்காரர் எனக்கு மறக்கவில்லை. பார்ட்டி கேட்காத பாலிஷை வேலைப்பாடுகளுக்குப் போட்டுக்கொடுத்து, அதில் ஆகும் நேரத்துக்காகத் தம்பியிடம் திட்டு வாங்குகிறவர் அவர்.

அதனால் பட்டியலைவிடக் கணக்குகளை நம்புகிறேன். வீட்டில் இருக்கும் இரண்டு கணக்குகளைக் கொண்டுவரச் சொல்வேன். ஒன்று, கடைசி மூன்று மாத யுபிஐ ஸ்டேட்மெண்ட். இன்னொன்று, இருந்தால், மொய் நோட்டு.

ஒரு ஜவுளிக்கடை மேலாளர் இரண்டையும் கொண்டுவந்தார். மொய் நோட்டு கனமாக இருந்தது. பேர், ஊர், தொகை, பக்கத்தில் 'திரும்ப வந்தது' என்று ஒரு டிக். நோட்டைப் புரட்டியபடி, "உறவுதான் மேடம் எனக்கு முக்கியம், இதப் பார்த்தாலே தெரியுமே" என்றார். இருக்கலாம். ஆனால் மொய் என்பது பாதி அன்பு, பாதி வரவு செலவு. செய்யாவிட்டால் பேச்சு வரும், செய்தால் திரும்பி வரும். ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்தபோது, ஜூன் மாதத்தில் ஒரு பள்ளியின் பெயர் இரண்டு முறை வந்திருந்தது. அவருடைய பிள்ளைகளோ கல்லூரியில் படிக்கிறார்கள். கேட்டதும் கொஞ்சம் கூச்சப்பட்டார். கடையில் துணி மடிக்கும் பெண்ணின் மகளுக்கு ஃபீஸ் கட்டினாராம். வீட்டில் தெரியாது, அந்தப் பெண்ணிடமும் முதலாளி கொடுத்ததாகத்தான் சொல்லியிருக்கிறார். பத்தாம் வகுப்போடு தன் படிப்பை நிறுத்தியதைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பேசினார், நிறுத்தாமல் அரைமணி நேரம்.

திரும்பி வராது, யாருக்கும் தெரியாது, ஊரில் பேரும் கிடைக்காது. அப்படியும் செய்கிற செலவு எதுவோ, அதில்தான் விழுமியம் இருக்கிறது. செலவு என்றால் பணம் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை எதற்காக விடுகிறீர்கள் என்பதும் செலவுதான். இந்தப் பயிற்சிக்கு நல்ல சம்பளமோ ஓய்வு நேரமோ தேவையில்லை. கையில் காசே இல்லாதவர்களும் யாருக்காவது எதையாவது செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கோபமும் ஒரு தடயம். தலைமையாசிரியர் ஒரு பையனை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியதை ஆறு மாதம் கழித்தும் சொல்லிச் சொல்லிக் கொதிக்கிற ஆசிரியைக்கு எது முக்கியம் என்று அட்டை போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கோபம் எல்லாமே விழுமியம் ஆகிவிடாது. பந்தியில் தன்னை முதலில் உட்காரச் சொல்லவில்லை என்ற கோபம் வேறு கணக்கு. பொறாமையையும் கேட்பேன்: யாருடைய ஸ்டேட்டஸைப் பார்த்தால் ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள்? பதில் கார் வாங்கியவராக இருப்பது குறைவு. பாட்டுக் கற்றுக்கொள்ளத் தொடங்கிய பழைய வகுப்புத் தோழியாக இருக்கும்.

இதுவரை எளிது. விழுமியங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போதுதான் நிஜமான சிக்கல். இஸ்ரேலிய உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் பல நாடுகளில் தகவல் திரட்டி, 1992-ல் பத்து அடிப்படை விழுமியங்களை ஒரு வட்டமாக அடுக்கினார். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை இழுபறி செய்யும். மரபு, பெரியவர்கள் சொல்படி நடப்பது, பாதுகாப்பு ஆகியவை ஒரு பக்கம். தன் முடிவைத் தானே எடுப்பது, புதியதைத் தேடுவது ஆகியவை எதிர்ப்பக்கம். அதேபோல, சாதனையும் அதிகாரமும் ஒரு புறம் என்றால், பிறர் நலன் நாடுவது மறுபுறம்.

இதை வரைந்து காட்டும்போது பலருக்கு முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். செவிலியராக இருக்கும் ஒரு பெண்ணுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அம்மாவுக்கோ வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். போனால் சுயநலக்காரி, போகாவிட்டால் கோழை என்று தன்னைத் தானே இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் குணத்தில் கோளாறு ஏதும் இல்லை. அவளுக்கு உயிராக இருக்கும் இரண்டு விழுமியங்கள் வட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். வலிக்காத விடை கிடைக்காது என்று புரிந்ததும், 'எது சரி' என்று கேட்பதை நிறுத்தி, 'இந்த வருடம் எதற்கு முதலிடம்' என்று கேட்க ஆரம்பித்தாள். அந்த வருடம் போகவில்லை. அடுத்த வருடத்தைப் பற்றி இப்போதே சத்தியம் செய்யவும் இல்லை.

இன்ஸ்டாகிராமில் இப்போது ஓர் அறிவுரை பிரபலம்: குடும்பம் திணித்ததைத் தூக்கி எறி, உனக்காக வாழ். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நம் வீடுகளில் 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்ற பயம் நிறைய வாழ்க்கைகளைத் தின்றிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அப்பா அம்மாவிடமிருந்து வந்தது என்பதாலேயே ஒரு விழுமியம் இரவல் ஆகிவிடாது. அதைச் செய்யாமல் விட்டால் முதலில் யார் முகம் நினைவுக்கு வருகிறது என்று பாருங்கள். பெரியப்பாவின் முகம் வந்தால் அது பயம். யார் முகமும் வராமல் உங்களுக்கே ஒரு மாதிரி இருந்தால், அது உங்களுடையது.

கண்டுபிடித்த பிறகு வேலையை விடு, இமயமலைக்குப் போ என்றெல்லாம் நான் சொல்வதில்லை. ஜவுளிக்கடைக்காரர் இன்றும் அதே கடையில்தான் இருக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் கடைப் பணியாளர்களின் பிள்ளைகள் குடோனில் உட்கார்ந்து படிக்க, முதலாளியிடம் அனுமதி வாங்கினார். நெஞ்செரிச்சல் முழுதாகப் போய்விடவில்லை, மாத்திரையும் தொடர்கிறது.

ஓர் எச்சரிக்கை. பிடிப்பு இல்லை என்பது எப்போதும் விழுமியப் பிரச்சினை அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்து, முன்பு ரசித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அந்த நிலையில் அட்டைகளைப் பரப்பி விழுமியம் தேடச் சொல்வது கொடுமை. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். சாகும் எண்ணம் வந்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல், இப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, மே மாதம் வந்தால் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வருவார்கள். கவுன்சலிங் தொடங்குவதற்குள் பையனுக்கு 'லைஃப் பர்ப்பஸ்' கண்டுபிடித்துத் தர வேண்டும் என்பார்கள். 12 முதல் 26 வயது வரையிலான அமெரிக்க இளையோரை ஆராய்ந்த உளவியலாளர் வில்லியம் டேமன், தெளிவான நோக்கம் இருந்தது ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குத்தான் என்கிறார். பதினேழு வயதில் அது இல்லாதது குறை அல்ல. எதைச் செய்யும்போது பையன் நேரம் மறக்கிறான், யாருக்கு உதவும்போது முனகுவதில்லை என்று கவனித்தால் இப்போதைக்குப் போதும்.

இதை இந்த வருடம் ஓர் அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பையன் ஃபேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் பிடிக்காமதான் மேடம் இத்தன வருஷமா ஓட்டிட்டிருக்கேன்" என்றார். பையன் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தான். அடுத்த வாரம் அப்பாவுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்கினேன். வரும்போது யுபிஐ ஸ்டேட்மெண்ட்டை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.