கணவர் பெயரில் மட்டும் இருந்த சந்தா

கும்பகோணத்தில் வக்கீல் தொழில் செய்கிறேன். என்னிடம் வரும் வயதானவர்களில் சிலர் ஃபைலோடு வருவார்கள். ஓய்வூதியப் புத்தகம், பத்திர நகல், வீட்டு வரி ரசீது எல்லாம் தேதிவாரியாக இருக்கும். "யார் அடுக்கிக் கொடுத்தது?" என்று கேட்டால், "பென்ஷனர் சங்கத்துல சொன்னாங்க" என்பார்கள். மற்றவர்கள் ஜவுளிக்கடைப் பையோடு வருவார்கள். மூலப் பத்திரம் கரண்ட் பில்லோடும் மாத்திரை அட்டையோடும் சுருண்டு கிடக்கும். அந்தப் பைகளில் வரும் பிரச்சினைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷம் தாமதமாக வந்தவை.

போன வருஷம் அப்படி ஒரு பையோடு ஓர் அம்மா வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வயது 74. கணவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து நான்கு வருஷம். இருந்த ஒரே வீட்டை இந்த அம்மா சின்ன மகனுக்குத் தான செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டார். எட்டு மாதத்தில் அவருடைய கட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைக்குப் போனது. அப்புறம் அவரே மகள் வீட்டுக்குப் போகும்படி ஆயிற்று.

பத்திரத்தை இரண்டு முறை படித்தேன். அன்பு, பிரியம் என்று அழகாகத் தொடங்குகிறது. ஆயுள் உள்ளவரை அவர் அந்த வீட்டில் குடியிருக்கலாம் என்ற வரி இல்லை. மகன் அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற வரியும் இல்லை. எழுதியவர் கம்ப்யூட்டரில் இருந்த பழைய மாதிரியில் பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டியிருக்கலாமேம்மா?" என்றேன்.

"யார்கிட்ட தம்பி காட்டறது? அவன்தான் ஆட்டோ வெச்சு அழைச்சிட்டுப் போனான். அவன்கிட்டயே கேக்க முடியுமா?"

2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க வழி செய்கிறது. நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025இல் வந்த சில தீர்ப்புகள் முதியவர்களுக்குச் சாதகமாக இருக்கின்றன. பெற்றவர்களின் அன்பையே நிபந்தனையாக எடுத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் போயிருக்கிறது. ஆனாலும் பத்திரத்தில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் இந்த வாதமே தேவைப்பட்டிருக்காது.

அதே பையில் ஒரு ரப்பர் பேண்ட் போட்ட கட்டும் இருந்தது. ஓய்வூதியர் சங்க ரசீதுகள். எல்லாம் கணவர் பெயரில். வருஷம் தவறாமல் சந்தா கட்டியிருக்கிறார். கடைசி ரசீது அவர் இறந்த வருஷத்தினுடையது. அதற்குப் பிறகு இல்லை.

எனக்குக் கோபமே வந்தது. சங்கம் யாருக்கு அதிகம் தேவைப்படுமோ, அவர் பெயர் அதில் இல்லை. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவியும் பல ஓய்வூதியர் சங்கங்களில் உறுப்பினராகலாம். ஆனால் சந்தா கட்டியதும் கூட்டத்துக்குப் போனதும் கணவர்தான். மாலையோடு வந்து அஞ்சலி செலுத்திய சங்கத்துக்காரர்கள் அந்த அம்மாவின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மூத்தோர் சங்கம் என்றாலே பலருக்கு நினைவு வருவது வருஷத்துக்கு ஒரு சுற்றுலா, பொன்னாடை, அக்டோபர் 1 முதியோர் தினத்தன்று ஒரு சாப்பாடு. சட்டம் அதற்கு மேலே ஓர் இடம் கொடுத்திருக்கிறது, பல சங்கங்களுக்கே அது தெரியாது. மேலே சொன்ன சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி, தாமே மனு போட முடியாத நிலையில் இருக்கும் முதியவருக்காக, அவர் அதிகாரம் கொடுத்த ஒரு பதிவு பெற்ற தன்னார்வச் சங்கம் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். விசாரணைக்கு முன் சமரசம் பேசும் பொறுப்பையும் தீர்ப்பாயம் அப்படிப்பட்ட சங்கத்தின் பிரதிநிதியிடம் கொடுக்க முடியும். வக்கீலுக்கு அங்கே இடமில்லை என்று அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது! கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். என் அனுபவத்தில், மகனோடு பேசி முடிக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கோட்டைவிட, அப்பாவோடு வேலை பார்த்த பழைய ஹெட்மாஸ்டர் போய் உட்கார்ந்தால்தான் காரியம் நடக்கிறது.

ஓய்வூதியத்திலும் இப்படித்தான். 80 வயது முடிந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். மத்திய அரசு, தமிழக அரசு இரண்டிலும் உண்டு, குடும்ப ஓய்வூதியத்துக்கும் உண்டு. கணவருடைய பிறந்த தேதி பதிவில் இருக்கும். மனைவியுடையது பல பழைய ஓய்வூதிய ஆணைகளில் இருக்கவே இருக்காது. அந்தத் தேதி இல்லாமல் 80 ஆனதைக் கருவூலம் எப்படித் தெரிந்துகொள்ளும்? இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சங்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்தான். பத்துப் பேருடைய ஆணையைப் பார்த்தவருக்கு பதினொன்றாவதில் எது குறைகிறது என்று சட்டென்று தெரியும்.

டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்களே, அது 1982இல் உச்ச நீதிமன்றம் நகரா வழக்கில் தீர்ப்புச் சொன்ன நாள். ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களைப் பிரிக்கக் கூடாது, ஓய்வூதியம் கருணைத் தொகை அல்ல என்ற தீர்ப்பு. அந்த வழக்கில் மனுதாரர்களில் ஒருவர் ஒரு பதிவு பெற்ற சங்கம். வழக்கு நடத்தத் தெம்பில்லாத முதியவர்களுக்காகச் சங்கம் வரலாம் என்று நீதிமன்றம் அன்றைக்கே ஏற்றுக்கொண்டது.

எங்கள் பகுதிச் சங்கத்தின் வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். சாதாரண நீளநோட்டு. பெயருக்கு எதிரே ரத்த வகை, ஓய்வூதிய ஆணை எண், பிள்ளைகளின் போன் நம்பர். கடைசிக் கட்டத்தில் பென்சிலில் "சாவி – எதிர்வீடு". தனியாக இருப்பவரின் மாற்றுச் சாவி யாரிடம் என்ற குறிப்பு அது. தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வராதவர் பெயரில் சிவப்புப் புள்ளி. அன்று சாயங்காலமே ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அப்படிப் போனதில் குளியலறையில் விழுந்து கிடந்த ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கூட்டம் என்றால் பதினைந்து நிமிஷம் பி.பி. பார்ப்பது, டீ, அப்புறம் ஏதாவது ஒரு பேச்சு. ஒரு கூட்டத்தில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடி பற்றிப் பேசினேன். வீடியோ காலில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை, பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள் என்றேன். மறுமாதம் ஓர் உறுப்பினர், "சி.பி.ஐ.ன்னு ஒருத்தன் கூப்பிட்டான் சார், நீங்க சொன்னவன்தான்னு வெச்சிட்டேன்" என்றார்.

சரி, எந்தச் சங்கமானாலும் சேர்ந்துவிடலாமா? கூடாது. முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்; தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்திருக்கிறார்களா பாருங்கள். வருஷம் ஒருமுறை பொதுக்குழு கூடி வரவு செலவு வைக்கிறார்களா, சந்தாவுக்கு ரசீது உண்டா என்று பாருங்கள். நல்ல சங்கங்களில் ஆண்டுச் சந்தா ஓட்டலில் இரண்டு பேர் டிபன் சாப்பிடும் காசுக்கு மேல் இருக்காது. உறுப்பினரானதும் டெபாசிட் திட்டம், அதிக வட்டி என்று ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பக்கத்தில் சங்கமே இல்லாதவர்கள் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணையாவது போனில் சேமித்து வையுங்கள். கணவன் மனைவி இருவரும் இருந்தால் இரண்டு பேர் பெயரிலும் சந்தா கட்டுங்கள்.

அந்த அம்மாவின் மனு கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. நோட்டீஸ் போன 90 நாளில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்வது பராமரிப்புத் தொகை கேட்கும் மனுவுக்கு. பத்திரத்தை ரத்து செய்வதற்கு நாள் எண்ண முடியாது. இதற்கிடையே கணவர் இருந்த சங்கத்திலேயே அவரைச் சேர்த்துவிட்டேன். செயலாளர் ஓய்வூதிய ஆணையை வாங்கிப் பார்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அம்மா, இதுல உங்க பிறந்த தேதி இல்லையே" என்றாராம். 80க்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறதே என்று இவர் சொல்லியிருக்கிறார். "இப்ப எழுதிப் போட்டாத்தாம்மா அப்ப வரும்" என்று அங்கேயே கருவூலத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். இந்த முறை அந்த அம்மா முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை வாங்கினாராம்.