சித்தப்பாவின் கம்ப்யூட்டரும் சேலைக்கடை மெத்தையும்

பெரம்பூரிலிருந்து சித்தப்பா போன் செய்தால் ஒன்று கல்யாணச் சேதி, இல்லையென்றால் கம்ப்யூட்டர். போன மாதம் கம்ப்யூட்டர்தான். "4 ஜிபி ராம்ல ஃப்ரீ வெறும் 40 எம்பின்னு காட்டுதுடா. வைரஸ்னு சொல்றாங்க. ஃபார்மட் பண்ணிடவா?"

"ஒண்ணும் பண்ணாதீங்க சித்தப்பா, நான் வந்து பார்க்கிறேன்."

2012 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப் அது. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க், பிற்பாடு ஏற்றிய விண்டோஸ் 10. அவரைப் பயமுறுத்திய 40 எம்பி, கணினி எதை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் 'ஃப்ரீ' என்று வரும் எண். அதைப் பார்த்துப் பயப்படவே வேண்டியதில்லை.

தி.நகரில் முகூர்த்தச் சேலை எடுக்கப் போயிருப்பீர்கள். கடைக்காரர் மெத்தை மேல் சேலைகளை எடுத்து எடுத்து விரிப்பார். அந்த மெத்தைதான் ராம். சேலைகள் அடுக்கியிருக்கும் குடோன் ஹார்ட் டிஸ்க். வேண்டாமென்று நீங்கள் ஒதுக்கிய சேலையை அவர் உடனே மடித்து உள்ளே அனுப்பிவிடுவதில்லை. 'அந்த மாம்பழக் கலரை இன்னொரு தடவை காட்டுங்க' என்று கேட்பீர்கள் என்று அவருக்குத் தெரியும். வேறு ஆள் வந்து உட்கார்ந்தால் ஓரமாகத் தள்ளிக்கொள்ளலாம், அவ்வளவுதான். விண்டோஸும் அப்படித்தான். முன்பு திறந்த கோப்புகள், மறுபடி திறக்கக்கூடிய நிரல்கள் எல்லாவற்றையும் ராமில் விட்டுவைக்கும். இதற்கு 'ஸ்டாண்ட்பை' என்று பெயர். சித்தப்பா கணினியில் அது 550 எம்பி இருந்தது. யாராவது கேட்டால் அந்த நொடியே கிடைக்கும் இடம்தான் அது. 'மெமரி கிளீனர்' என்று விற்கும் மென்பொருள்களில் பலவும் இப்படி விரித்து வைத்ததையெல்லாம் குடோனுக்குத் துரத்திவிட்டு, பாருங்கள் எவ்வளவு இடம் என்று பெருமை அடித்துக்கொள்கின்றன. அடுத்த கிளிக்கில் எல்லாம் திரும்பி வந்தாக வேண்டும்.

சரி, வைரஸ் பயம் தீர்ந்தது. ஆனால் கணினி ஊர்ந்துதான் போனது. ஹார்ட் டிஸ்க் விளக்கு ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த விளக்குதான் முக்கியம்.

ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோவினாடி. சுழலும் டிஸ்கிலிருந்து எடுக்க 10 மில்லிவினாடி, அதாவது லட்சம் மடங்கு. மெத்தையில் கிடக்கும் சேலையை எடுக்க ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், டிஸ்கில் இருப்பதை எடுக்க சுமார் 28 மணி நேரம். கிட்டத்தட்ட காஞ்சிபுரத்துக்கு நடந்தே போய், சேலையை வாங்கிக்கொண்டு நடந்தே திரும்புகிற கதை. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி இருந்தால் அதே வேலை பதினேழு நிமிடத்தில் முடியும்.

ராம் போதாதபோது டிஸ்கின் ஒரு பகுதியை ராம் போலப் பயன்படுத்தும் யோசனை பழையது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி 1962-லேயே, டிஸ்குக்குப் பதில் காந்த டிரம்மை வைத்து, இதைச் செய்தது. நம் கணினிகள் நினைவகத்தைப் பெரும்பாலும் 4 கேபி அளவுள்ள பக்கங்களாக நறுக்கி, கொஞ்ச நேரமாகத் தொடாத பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பி வைக்கின்றன. அளவோடு நடந்தால் நமக்குத் தெரியாது. ஆனால் உள்ளே அனுப்பிய பக்கத்தையே அடுத்த நொடி கேட்டு, அதற்கு இடம் செய்ய இன்னொன்றை அனுப்பி, உடனே அதையும் கேட்டால்? வேலை ஒன்றும் நடக்காது, ஏற்றி இறக்குவது மட்டும் நடக்கும். இந்த அல்லாட்டத்துக்கு 'த்ராஷிங்' என்று பெயர். அது ஏன் வருகிறது என்று கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-ல் எழுதிவிட்டார். ரிசோர்ஸ் மானிட்டரில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' என்ற எண், கேட்ட பக்கம் ராமில் இல்லாமல் நொடிக்கு எத்தனை தடவை டிஸ்குக்குப் போக வேண்டியிருந்தது என்று சொல்லும். அது எப்போதாவது எகிறி இறங்கினால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் நிலைத்து நின்றால் அல்லாட்டம்தான்.

இடத்தை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். குரோமில் பதினொரு டேப்: பஞ்சாங்கம், கரண்ட் பில், ஷேர் மார்க்கெட், யூடியூப். ஒரு டேப் விழுந்தால் மற்றவை பிழைக்க வேண்டும் என்று குரோம் டேப்களைத் தனித்தனி நிரல்களாக ஓட்டும். அந்தப் பாதுகாப்புக்கு விலை ராம். ஆனாலும் பட்டியலில் இருந்ததையெல்லாம் கூட்டினால் 2.3 ஜிபிதான் வந்தது. பயன்பாடு என்று மேலே காட்டியதோ 3.3 ஜிபி. பட்டியலில் வராத ஒரு ஜிபி எங்கே?

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், மெமரிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: 'நான்-பேஜ்டு பூல்' 900 எம்பி. இது டிரைவர்களும் (வைஃபை, பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் நிரல்கள்) விண்டோஸின் உள்மையமும் (கெர்னல்) எடுத்துக்கொள்ளும் இடம். டிஸ்குக்கு அனுப்பவே முடியாதது. இந்த மாதிரிக் கணினியில் நூறு, இருநூறு எம்பி இருந்தால் சகஜம். தொள்ளாயிரம் என்றால், யாரோ சேலையை வாங்கி வாங்கி மடியில் அடுக்கிக்கொள்கிறார், ஒன்றையும் திருப்பித் தரவில்லை என்று அர்த்தம். மெமரி லீக்.

"தினமும் ராத்திரி அணைக்கிறேனேடா, எல்லாம் அழிஞ்சுபோகாதா?" என்றார். நியாயமான கேள்வி. சிபியு பக்கத்தில் 'அப் டைம்' பார்த்தேன்: 41 நாள்! விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒரு வசதி உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் உள்மையத்தை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்து, காலையில் எடுத்து விரித்துவிடும். சேர்ந்த குப்பையும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையிலேயே புதிதாகத் தொடங்கும்.

கொடுத்தோம். 900 எம்பி 150 ஆனது. அப்புறம் யூடியூபை ஓடவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டே பார்த்தோம். எண் மெல்ல ஏறியது. யூஎஸ்பி வைஃபை குச்சியைப் பிடுங்கினேன், நின்றது. செருகினேன், மறுபடி ஏறியது. அதன் டிரைவர் கணினியின் வயதை ஒத்தது. புதியதைப் போட்டதும் ஏற்றம் நின்றுவிட்டது.

ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொரு 4 ஜிபியும் வாங்கினோம். பழைய மதர்போர்டு டிடிஆர்3 என்ற பழைய வகை ராமைத்தான் கேட்டது. அடுத்த வகையான டிடிஆர்4-ல் அடியில் உள்ள வெட்டு வேறிடத்தில் இருக்கும், அழுத்தினாலும் உட்காராது. உங்கள் விண்டோஸ் 32 பிட் என்றால் இந்தச் செலவே வேண்டாம். அதற்கு மொத்தம் சுமார் 429 கோடி பைட்டுக்குத்தான் முகவரி உண்டு, அதுதான் 4 ஜிபி. சித்தப்பாவுடையது 64 பிட்.

பத்து நாள் கழித்து மறுபடி போன். "டேய், எட்டு ஜிபி போட்டும் ஃப்ரீ 90 எம்பின்னுதான்டா காட்டுது!"

"ஸ்டாண்ட்பை எவ்வளவு சித்தப்பா?"

"அது... நாலரை ஜிபி."

"விளக்கு துடிக்குதா?"

"இல்லை."

"அப்போ வெச்சிடுங்க."