பேக்கப் எடுத்தீர்கள் சரி, திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா?

போன வாரமும் இப்படி ஒரு கேஸ் என்னிடம் வந்தது. ஈரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடை. யாரோ இறக்கிய கிராக் சாஃப்ட்வேரோடு ரான்சம்வேரும் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) உள்ளே வந்து, எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் நாலெழுத்து வால் ஒட்டிவிட்டது. ஆனாலும் முதலாளி பதறவில்லை. காரணம், கணக்குப் பார்க்கும் அம்மா. "டெய்லி பேக்கப் எடுத்துட்டுத்தானுங்க சார் வீட்டுக்குக் கிளம்புவேன். ஒரு நாள் விட்டதில்லீங்க" என்றார். உண்மைதான். பென்டிரைவில் தேதி போட்ட ஃபோல்டர்கள் ஒழுங்காக அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றையும் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஐகான். அதன் இடது கீழ் மூலையில் சின்னதாக வளைந்த அம்புக்குறி. அளவு 2 கேபி. டெஸ்க்டாப்பில் இருந்த டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) ஃபோல்டரின் ஷார்ட்கட்டை மட்டும் தினமும் காப்பி செய்து வந்திருக்கிறார். கணக்கு எங்கே இருக்கிறது என்ற விலாசம் அத்தனை ஃபோல்டரிலும் இருக்கிறது, கணக்கு எதிலும் இல்லை.

அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்ன வேலையை ஒரு நாள் தவறாமல் செய்திருக்கிறார். கோபமெல்லாம் மற்றவர்கள் மேல். முதலாளி, ஆடிட்டர், கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்த ஆள் என்று இத்தனை பேர் இருந்தும், "அந்தப் பென்டிரைவிலிருந்து நேத்துக் கணக்கைத் திறந்து காட்டும்மா" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இப்போது கணக்கைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். விற்பனையை ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல்களிலிருந்தும், கொள்முதலை ஜிஎஸ்டிஆர்-2பி-யிலிருந்தும் ஓரளவு எடுத்துவிடலாம். பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது. ஆனால் எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி, எந்த பில்லுக்கு எவ்வளவு கழித்தது, எந்த சரக்கு திரும்பி வந்தது என்பதெல்லாம் எந்த போர்ட்டலிலும் கிடையாது. பாக்கி வைத்தவர்களிடமே போய் "நீங்க எவ்வளவு தரணும்" என்று கேட்கிற நிலைமை.

இனி, நான் பார்க்கும் எல்லா இடத்திலும் கேட்கிற பதிலுக்கு வருகிறேன். "சக்சஸ்னு வருதே சார்." இந்த ஒரு வாக்கியத்தை நம்பி எத்தனை பேர் நட்டமடைந்திருக்கிறார்கள்! தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். சக்சஸ் என்று வந்தால், கம்ப்யூட்டருக்குச் சொல்லப்பட்ட வேலை முடிந்தது என்று மட்டும்தான் பொருள். சொல்லப்பட்ட வேலை சரியானதா என்று அதற்குத் தெரியாது. ஷார்ட்கட்டைக் காப்பி செய் என்றால் ஷார்ட்கட்டைக் காப்பி செய்துவிட்டு சக்சஸ் என்று சொல்லும். காலி ஃபோல்டரைக் காப்பி செய்யச் சொன்னாலும் அதே பச்சை டிக் வரும். கெட்டுப்போன ஃபைலை, கெட்டது கெட்டபடியே ஒரு எழுத்து மாறாமல் காப்பி செய்துவிட்டும் சக்சஸ் என்றுதான் சொல்லும். உங்களுக்குத் தேவைப்படும் நாளில், தேவைப்படும் கணக்கு, திறக்கும் நிலையில் இருக்குமா என்ற கேள்விக்கு அந்தப் பச்சை டிக்கில் பதில் இல்லை. ஃபோல்டர் தெரிகிறது, ஃபைல் பெயர் தெரிகிறது, அளவு தெரிகிறது என்பதிலும் இல்லை. இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்தால்தான் பதில் கிடைக்கும், வேறு வழியே கிடையாது.

இன்னொரு இடத்தில் ராத்திரி பத்து மணிக்குத் தானாக ஓடும்படி ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்) போட்டு வைத்திருந்தார்கள். இடையில் பழைய டாலியிலிருந்து டாலி பிரைமுக்கு மாறினார்கள். புதியது கணக்கை வேறு ஃபோல்டரில் வைத்துக்கொண்டது. பேட்ச் ஃபைலோ பழைய ஃபோல்டரையே ராத்திரி ராத்திரி பத்திரமாகக் காப்பி செய்துகொண்டிருந்தது. அதிலிருந்து எடுத்துப் பார்த்தபோது கடைசி வவுச்சர் போன நிதியாண்டின் மார்ச் மாதத்தோடு நின்றிருந்தது. தினமும் சக்சஸ்.

அவுட்லுக்கைத் திறந்து வைத்துக்கொண்டே, மெயிலெல்லாம் இருக்கும் அதன் பிஎஸ்டி ஃபைலைக் காப்பி செய்வது இன்னொரு வகை. ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று சில நிரல்கள் அதை மட்டும் தாண்டிவிட்டு மீதியை முடித்துவிடும். தாண்டியது எங்கோ ஒரு லாக் ஃபைலில் ஒரே வரியாகக் கிடக்கும். (எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் டம்ப், அதாவது மொத்த நகல், எடுக்கிறீர்கள் என்றால் ஃபைலின் கடைசி வரியைப் பாருங்கள். 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரும்பாலும் பாதியில் அறுந்த டம்ப். இதைப் பார்க்காமல் வாடிக்கையாளருக்கு பேக்கப் ரெடி என்று சொல்வது தொழிலுக்கு அழகில்லை.)

மலிவு விலையில் '2 டிபி பென்டிரைவ்' வாங்கி வருகிறவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் 32 அல்லது 64 ஜிபி சிப். 2 டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். உண்மைக் கொள்ளளவு தீர்ந்தபின் போடுவதெல்லாம் காற்றில் போகும். ஆனால் ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரியும், அளவும் சரியாகக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. புது டிஸ்க்கோ பென்டிரைவோ வாங்கியதும் அதை முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் ஃபைல் ஒன்றையாவது அதில் வைக்க வேண்டும்.

பாஸ்வேர்டு வேறு இருக்கிறது. டாலி வால்ட் பூட்டுப் போட்ட கணக்கு, பிட்லாக்கர் பூட்டுப் போட்ட டிஸ்க், ஜிப் பாஸ்வேர்டு போட்ட பேக்கப் எல்லாம் நல்ல பழக்கம்தான். அந்தப் பாஸ்வேர்டு வேலையை விட்டுப் போன ஒருவருக்கு மட்டும் தெரியும் என்றால் பேக்கப் இல்லாததற்குச் சமம். டாலி வால்ட் பாஸ்வேர்டை மறந்தால் அந்த நிறுவனத்தாலேயே எடுத்துத்தர முடியாது.

"நாங்க சின்னக் கடை சார், பெரிய கம்பெனியில எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். உலகெங்கும் மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை ஒப்படைத்து வைக்கும் இடம் அது. ராத்திரி நேரத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பை எடுக்கலாம் என்று போனால், ஐந்து விதமான பேக்கப், நகல் ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பி எடுக்கும் நிலையில் இல்லை என்பதை அவர்களே பகிரங்கமாக எழுதினார்கள். டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்கும் நிரலோ 9.2 பதிப்பு. ஒவ்வொரு முறையும் பேக்கப் தோற்றிருக்கிறது. தோற்றதாக எச்சரிக்கும் மின்னஞ்சல்களையும் மெயில் சர்வர் சரியான கையொப்பம் இல்லையென்று திருப்பி அனுப்பியிருக்கிறது. டம்ப் சேர வேண்டிய கிளவுட் சேமிப்பிடம் காலி. வேறு வேலைக்காக சுமார் ஆறு மணி நேரம் முன்னால் ஒருவர் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாபேஸின் நகல்) அவர்களைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகான ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை மறைக்காமல் உலகத்துக்குச் சொன்ன அவர்களின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் மாதம் ஒருமுறை யாராவது அந்த டம்ப்பைத் திறந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

கூகுள் டிரைவிலும் ஒன்டிரைவிலும் சிங்க் ஆவதை பேக்கப் என்று சொல்லாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் கெட்டதே அங்கேயும் போகும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டி 30 நாள்தான் தாங்கும். ஒரே தரவைப் பல டிஸ்க்கில் சேர்த்து வைக்கும் ரெய்டும் (RAID) அப்படியே. ஒரு டிஸ்க் பழுதானால் கைகொடுக்கும், நீங்களே அழித்ததற்கு ஒன்றும் செய்யாது. "அழிஞ்சா ரிகவரி பண்ணிக்கலாம்" என்று இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இப்போது வரும் எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் அழித்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காது.

பேக்கப் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருப்பவர்கள் இலங்கையைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் அமைப்பை ரான்சம்வேர் தாக்கியது. இணைப்பிலேயே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. தனியாகக் கழற்றி வைக்கப்பட்ட பேக்கப் அந்தக் காலத்துக்கு இல்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள் போயின. ஒரு நாட்டின் அரசுக்கே இந்தக் கதி என்றால், யூஎஸ்பியில் தொங்கிக்கொண்டிருக்கும் உங்கள் டிஸ்க்கை அது விட்டுவைக்குமா? காப்பி முடிந்ததும் கழற்றுங்கள். இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், ஒன்று எப்போதும் அந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள அலுவலகங்களில் கம்ப்யூட்டரும், அதே மேசை டிராயரில் இருந்த டிஸ்க்கும் ஒன்றாகத்தான் மூழ்கின. கிளவுட் என்றாலும் அது ஏதோ ஒரு கட்டடம்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்தவர்களில் பலர் இரண்டையும் இழந்தார்கள்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் பின்பற்றுகிறவர்களும் கோட்டைவிடுவது சோதனையில்தான். அலுவலக ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கிறீர்கள் அல்லவா? அதே அக்கறையை இதிலும் காட்டுங்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேக்கப் எடுப்பவர் சோதிக்கக் கூடாது, வேறொருவர் சோதிக்கட்டும். கணக்கு இருக்கும் அதே கம்ப்யூட்டரில் வேண்டாம், இன்னொரு லேப்டாப்பில் செய்யுங்கள். ஷார்ட்கட் விவகாரம் அங்கேதான் வெளியே வரும், அதே கம்ப்யூட்டரில் அது ஜம்மென்று திறந்துவிடும். டாலியில் ரீஸ்டோர் கொடுக்கும்போது சேருமிடமாக ஒரு புது ஃபோல்டரை உருவாக்கிக் கொடுங்கள். நடப்புக் கணக்கு இருக்கும் ஃபோல்டரைக் கொடுத்து, இன்றைய கணக்கின் மேல் போன மாதக் கணக்கை ஏற்றிவிட்டு அழுதவர்கள் உண்டு. கம்பெனி திறந்ததோடு திருப்தி அடையாதீர்கள். டே புக்கில் கடைசி வவுச்சர் என்ன தேதி, டிரையல் பேலன்ஸ் கூட்டுத்தொகை பேக்கப் எடுத்த நாளோடு ஒத்துப்போகிறதா, நாலைந்து பார்ட்டி பாக்கி சரியா என்று பாருங்கள்.

ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பிகளே, தம்ப்நெயில் தெரிகிறது என்று டிஸ்க்கை மூடிவிடாதீர்கள். படம் பாதிக்கு மேல் கெட்டிருந்தாலும் தம்ப்நெயில் அழகாகத் தெரியும். படத்தை முழு அளவில் திறந்து கீழ் ஓரம் வரை பாருங்கள். வீடியோவைக் கடைசி நிமிடத்துக்கு இழுத்து ஓடவிடுங்கள். ஃபோல்டரின் முதல் பத்துப் படத்தை மட்டும் பார்ப்பதில் பயனில்லை, கடைசியில் சேர்ந்தவற்றையும் பாருங்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

கிளினிக், ஸ்கூல், பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் விற்றவரையே கூப்பிடுங்கள். "பேக்கப் எடுத்துக் காட்டுங்க" என்று கேட்காமல், "நேத்து பேக்கப்பை இந்தப் புது சிஸ்டத்துல ரீஸ்டோர் பண்ணிக் காட்டுங்க" என்று கேளுங்கள். சாக்குப்போக்குச் சொன்னால் விடாதீர்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கிளவுடில் இருக்கும் 1 டிபியை 100 எம்பிபிஎஸ் (Mbps) இன்டர்நெட் லைனில் இறக்க, லைன் ஒரு நிமிடம்கூடத் தொய்யாமல் ஓடினாலும் சுமார் 22 மணி நேரம். அதுவரை கவுண்டரில் என்ன செய்வீர்கள் என்று முன்பே யோசித்து வையுங்கள்.

கம்ப்யூட்டர் மாற்றினால், சாஃப்ட்வேர் பதிப்பு மாறினால், பாஸ்வேர்டு மாறினால், கணக்காளர் மாறினால் முதல் சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே சோதியுங்கள். நான் பார்த்த பேக்கப் தோல்விகளில் அநேகம் இப்படி ஏதோ ஒரு மாற்றத்துக்கு மறுநாள் ஆரம்பித்தவைதான். பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு இது வெறும் யோசனை இல்லை. எலக்ட்ரானிக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியே திருத்தப்பட்டது. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆடிட்டரிடம் கேளுங்கள், சொல்வார்.

அப்புறம், அந்த நாள் வந்தே விட்டால். கம்ப்யூட்டரில் வால் ஒட்டிய ஃபைல்களைப் பார்த்ததும் நெட் கேபிளை உருவுங்கள், வைஃபையை அணையுங்கள். ஃபார்மட் அடிக்க வேண்டாம். யூடியூப் பார்த்து எந்த ரிகவரி சாஃப்ட்வேரையும் அதே டிஸ்க்கில் ஏற்ற வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் டக் டக்கென்று சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள், திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். கையில் இருக்கும் ஒரே பேக்கப் டிஸ்க்கை அந்தப் பாதித்த கம்ப்யூட்டரில் மட்டும் செருகிவிடாதீர்கள். பதற்றத்தில் பலர் முதலில் செய்வது அதைத்தான், நல்ல பேக்கப்பும் கண்முன்னே போய்விடும். சுத்தமான வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, முதலில் அந்த டிஸ்க்குக்கே இன்னொரு நகல் எடுங்கள். மீட்கிற வேலையை அந்த நகலிலிருந்து தொடங்குங்கள்.