“ஓ, அதுவா!”: கையேட்டில் இல்லாத அந்த ஒரு வரி

புதிதாகச் சேர்ந்த நிரலர் ஒருவரிடம் முதல் நாள் காலையில் நாங்கள் கொடுத்த வேலை இவ்வளவுதான்: நம் மென்பொருளை உங்கள் லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்து ஓட்டிப் பாருங்கள். அதற்கான கையேட்டில் 17 படிகள். மேலேயே ‘சுமார் அரை மணி நேரம் ஆகும்’ என்று போட்டிருந்தது. போட்டவன் நான்தான். அவர் லேப்டாப்பில் அது ஓடியது மூன்றாம் நாள் மதியம்.

முதல் நாள் 4-வது படியிலேயே நின்றுவிட்டது. பைத்தான் மொழிக்கான லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதிவைத்த தயார் நிரல்தொகுப்புகளை, இறக்குகிற படி அது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேசும் லைப்ரரி, ‘பிஜி கான்ஃபிக் கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. பழகியவர்களுக்கு இதன் பொருள் தெரியும். லைப்ரரியை அந்த மெஷினிலேயே சி மொழி மூல நிரலிலிருந்து கம்பைல் செய்யப் பார்க்கிறது (ஓடும் வடிவத்துக்கு மாற்றப் பார்க்கிறது), அதற்கு வேண்டிய ஹெடர் என்ற துணைக் கோப்புகள் இல்லை, டெவலப்மென்ட் பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டும். புதியவருக்கு இது எப்படித் தெரியும்? கான்ஃபிக் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கான்ஃபிக் கோப்புகளாகத் தேடிக்கொண்டிருந்தார். அன்று பொழுது போயிற்று.

இரண்டாம் நாள் எல்லாம் ஏறிவிட்டது, லாகின் மட்டும் ஆகவில்லை. பிழைச் செய்தி கிடையாது, பதிவுக் கோப்பில் ஒரு வரி கிடையாது, வெறும் வெள்ளைப் பக்கம். மறுநாள் எங்கள் மூத்த நிரலரைக் கூப்பிட்டோம். வந்தார், திரையை ஐந்து விநாடி பார்த்தார், “ஓ, அதுவா!” என்றார். மூன்று வருடத்துக்கு முன்பு தன் ஷெல் தொடக்கக் கோப்பில் (கட்டளைச் சாளரம் திறக்கும்போது படிக்கப்படும் கோப்பு) ஒரு என்விரான்மென்ட் வேரியபிளைப் போட்டிருக்கிறார், மென்பொருள் ஓடும்போது படித்துக்கொள்ளும் ஒரு அமைப்பு மதிப்பு அது. அது இருந்தால்தான் லாகின் வேலை செய்யும். எங்களில் மற்ற எல்லோரும் எப்போதோ அவரிடமிருந்து அந்தக் கோப்பை அப்படியே நகலெடுத்தவர்கள். அதனால் அந்த வரி இல்லாத மெஷின் என்ற ஒன்றை எங்கள் குழுவில் யாருமே பார்த்ததில்லை.

மென்பொருளைச் சர்வரில் ஏற்றுவதும் ஏறியதை இறக்குவதும்தான் பல வருடமாக என் பிழைப்பு. இந்த வேலையில் என்னை அதிகம் பயமுறுத்தும் சொல் அந்த “ஓ, அதுவா”தான்.

அன்று மாலையே வழக்கமான சண்டை ஆரம்பித்தது. மென்பொருளையும் அதற்கு வேண்டியதையும் ஒரே பெட்டியாகக் கட்டும் கன்டெய்னரில் எல்லாவற்றையும் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது என்று ஒரு கட்சி. ஒரே பைனரியாக, அதாவது நேரடியாக ஓடும் ஒரே கோப்பாகக் கட்டி, சர்வரில் நகலெடுத்து ஓட்டினால் முடிந்தது, இதற்கு எதற்கு இத்தனை அடுக்கு என்று இன்னொரு கட்சி. இந்த வாக்குவாதத்தை நான் எத்தனையோ குழுக்களில் கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் பாதி சரி. ஆனால் சிக்கல் எந்தக் கருவியாலும் கரைவதில்லை, இடம் மாறுகிறது. எங்கே போய் உட்கார்ந்தது, அதை யார் சுமக்கிறார்கள் என்று கேட்காமல் கருவியைப் பற்றி மட்டும் பேசினால் பேச்சு முடியவே முடியாது.

அடிப்படையில் சிக்கல் எங்கே இருக்கிறது? நாம் எழுதிய நிரல் தனியாக ஓடுவதில்லை. அதற்கு லைப்ரரி, அந்த லைப்ரரிக்கு இன்னொரு லைப்ரரி, அடியில் இயங்குதளம், அதற்கும் அடியில் பிராசஸர். ஒரே கணினியில் இரண்டு மென்பொருள்கள் ஒரே லைப்ரரியின் வெவ்வேறு வெர்ஷனைக் கேட்டால் யாருக்குக் கொடுப்பது? பழைய விண்டோஸில் புதிதாக ஒன்றை இன்ஸ்டால் செய்தால் ஏற்கெனவே இருந்தது நின்றுபோகும். விண்டோஸின் லைப்ரரிக் கோப்புக்கு டிஎல்எல் என்று பெயர், அதனால் இதற்கு ‘டிஎல்எல் நரகம்’ என்றே பெயர் வைத்தார்கள். டெபியன் மாதிரியான லினக்ஸ் விநியோகங்கள் வேறு வழி எடுத்தன: பெரும்பாலும் ஒரு லைப்ரரிக்கு ஒரு வெர்ஷன், எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்துச் சுமார் 2 வருடத்துக்கு ஒரு முறை வெளியிடுவது. நிம்மதிதான், ஆனால் நமக்கு வேண்டிய புது வெர்ஷன் அதில் இருக்காது. பொறுமையில்லாத நாம் மொழிக்கு ஒரு பேக்கேஜ் மேலாளரை, லைப்ரரிகளை இணையக் கிடங்கிலிருந்து இறக்கித் தரும் கருவியை, செய்துகொண்டோம்.

அதன் விலை 2016 மார்ச் 22 அன்று தெரிந்தது. ‘லெஃப்ட் பேட்’ என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ். மொத்தம் 11 வரி. ஒரு சரத்தின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்கும், அவ்வளவுதான். வேறொரு பேக்கேஜின் பெயர் பற்றி வந்த தகராறில் அதை எழுதியவர் தன் பேக்கேஜ்கள் அனைத்தையும் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்கள் இருக்கும் என்பிஎம் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அந்த 11 வரியை நேரடியாகவோ சுற்றி வளைத்தோ நம்பியிருந்த பேபல் என்ற பிரபல ஜாவாஸ்கிரிப்ட் கருவி உட்பட ஏராளமான மென்பொருள்களின் பில்ட் (கட்டும் வேலை) அப்படியே நின்றது. என்பிஎம் நிர்வாகம் அதைத் திரும்ப வைக்கும்வரை, தாங்கள் எதை நம்பியிருக்கிறோம் என்று பலருக்குத் தெரியவே இல்லை. உங்கள் புராஜெக்டில் எந்த பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று குறித்துவைக்கும் லாக் ஃபைல் இருக்கிறதா, நிரல் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் (Git) கருவியில் அது ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கு ஒரு முறை பாருங்கள். அதுவும் வெர்ஷனைத்தான் பூட்டிவைக்கும். கிடங்கிலேயே பொருள் இல்லாவிட்டால் அது என்ன செய்யும்? முக்கியமானவற்றுக்கு உள்ளூர் நகல் ஒன்று வேண்டும்.

கன்டெய்னர் கட்சிக்கு வருகிறேன். 2013-இல் டாக்கர் என்ற கன்டெய்னர் கருவி வந்தபோது நானும் மகிழ்ந்தவன்தான், இன்றும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்குள் போனால் எல்லாம் உறைந்துவிடும் என்று நினைப்பது தப்பு. நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ் இமேஜை (கன்டெய்னரை உருவாக்கும் தயார் பொட்டலம்) ‘லேட்டஸ்ட்’ என்ற டேகோடு, அதாவது வெர்ஷன் அடையாளத்தோடு, எழுதிவைத்திருந்தோம். ஒரு நாள் யாரோ இமேஜை மறுபடி இறக்கி சர்வரை ரீஸ்டார்ட் செய்தார்கள். தரவுத்தளம் எழவே இல்லை. இடையில் போஸ்ட்கிரெஸின் அடுத்த பெரிய வெர்ஷன் வந்திருந்தது. பழைய வெர்ஷன் எழுதிய தரவுக் கோப்புகளை அது படிக்காது. தரவு பத்திரமாக இருந்தது, அதைத் திறக்கத்தான் வழியில்லை. பழைய வெர்ஷன் எண்ணைப் போட்டதும் எழுந்தது. ஆனால் அந்த எண் என்ன என்று யாருக்கும் நினைவில்லாமல், தரவு இருந்த டைரக்டரிக்குள் புகுந்து வெர்ஷன் கோப்பைத் திறந்து பார்த்தோம். ‘லேட்டஸ்ட்’ என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. டேக் எதுவும் சொல்லாவிட்டால் டாக்கர் எடுத்துக்கொள்ளும் பெயர், அவ்வளவே.

இன்னொன்று: 2020 கடைசியில் ஆப்பிள் எம்1 சிப் வந்த பிறகு, புது லேப்டாப்பில் கட்டிய இமேஜ் சர்வரில் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று விழ ஆரம்பித்தது. லேப்டாப்பில் ஆர்ம் வகை பிராசஸர், சர்வரில் எக்ஸ்86 வகை; ஒன்றுக்குக் கட்டியது மற்றதில் ஓடாது. “என் மெஷின்ல ஓடுதே” என்ற புலம்பலை ஒழிக்க வந்த கருவியிலேயே அது வேறு உருவத்தில் திரும்ப வந்து நின்றது.

பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் பற்றி ஒரே ஒரு வார்த்தை. மூன்று பேர், ஒரு சர்வர் என்றிருக்கும் குழுவுக்கு லினக்ஸில் மென்பொருள்களைத் தொடங்கி ஓட்டும் சிஸ்டம்டியும் ஒரு நல்ல ஷெல் ஸ்கிரிப்ட்டும் போதும் என்பது என் கட்சி. திட்ட விரும்புபவர்கள் திட்டலாம்.

பைனரி கட்சிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். கோ மொழியில் கட்டிய ஒரே கோப்பை நகலெடுப்பது உண்மையிலேயே சுகம். ஆனால் தரவுத்தளம் அந்தக் கோப்புக்குள் இல்லை. அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் (column) பெயரை மாற்றும் மைக்ரேஷனை, அதாவது தரவுத்தள அமைப்பை மாற்றும் நிரலை, ஓட்டிவிட்டு, புது நிரல் சரியில்லை என்று பழைய பைனரியைத் திரும்ப வைத்தால், அது பழைய பெயரைத் தேடி விழும். நாங்கள் இப்போது இதை மூன்று டிப்ளாயாக (சர்வரில் ஏற்றும் தடவையாக) பிரிக்கிறோம். முதலில் புது நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுதுவோம். பழைய தரவை நிரப்பியபின் படிப்பதைப் புதியதற்கு மாற்றுவோம். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடினால்தான் பழையதை நீக்குவோம். சலிப்பான வேலை. ஆனால் இடையில் எந்த நேரத்திலும் ஒரு படி பின்னால் போகலாம்.

பின்னால் போவதை ஒத்திகை பார்க்காதவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு 2012 ஆகஸ்ட் 1-ஐத்தான் எப்போதும் சொல்வேன். அமெரிக்கப் பங்குச் சந்தையில் வர்த்தகம் செய்த நைட் கேப்பிடல் நிறுவனம் புதிய நிரலை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும். 7-இல் ஏறியது, ஒன்றில் விட்டுப்போனது. சரிபார்க்க இரண்டாவது ஆள் கிடையாது. புதிய நிரல் ஒரு பழைய ஃபிளாகை (ஒரு பகுதியை இயக்கும் சுவிட்ச் போன்ற குறி) மறுபடி பயன்படுத்திக்கொண்டது. விடுபட்ட சர்வரில் அதே ஃபிளாக், பல வருடமாகத் தூங்கிக்கிடந்த ஒரு பழைய நிரல்பகுதியை எழுப்பிவிட்டது. சந்தை திறந்ததும் அது ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

இதில் என்னைத் தூங்கவிடாத பகுதி வேறு. பதற்றத்தில் அவர்கள் செய்த ஒரு காரியம், ஒழுங்காக ஏறியிருந்த 7 சர்வர்களிலிருந்து புது நிரலைக் கழற்றியது. ஃபிளாக் அப்படியே இருந்தது. பிறகென்ன, எட்டிலும் பழைய பூதம் எழுந்தது. சந்தை திறக்கும் முன்பே, அந்தப் பழைய பகுதியின் பெயரோடு கணினியே அனுப்பிய 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களின் பெட்டியில் கிடந்தன. எச்சரிக்கை என்று யாரும் அவற்றைப் படிக்கவில்லை. உங்கள் பெட்டியில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுக்கிய தானியங்கி மின்னஞ்சல்கள் எத்தனை? என்னுடையதில் எத்தனை என்று கேட்காதீர்கள்.

நிரல்தானே டிப்ளாய், கான்ஃபிக் கோப்பு மாற்றமெல்லாம் அதில் சேராது என்பவர்களுக்கு 2024 ஜூலை 19. கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அன்று அனுப்பியது ஒரு சிறு உள்ளடக்கப் புதுப்பிப்புக் கோப்பு. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. எழாத கணினிக்குத் திருத்தத்தை எப்படி அனுப்புவது? பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு மெஷினாகப் போய், சேஃப் மோடில் எழுப்பி, அந்தக் கோப்பைக் கையால் அழித்தார்கள். முதலில் நூறு மெஷினுக்கு மட்டும் அனுப்பி, கொஞ்ச நேரம் பொறுத்து, அப்புறம் மற்றவர்களுக்கு என்ற பழக்கம் கான்ஃபிக்குக்கும் வேண்டும்.

எங்கள் குழுவில் அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு எதுவும் வரவில்லை. கன்டெய்னரும் இருக்கிறது, தனி பைனரிகளும் இருக்கின்றன. புதிதாகச் செய்தது ஒன்றே ஒன்று. மாதம் ஒரு முறை ஒன்றுமே இல்லாத விர்ச்சுவல் மெஷின் ஒன்றை எடுப்போம். கையேட்டை எழுதாத ஒருவர் அதை வரிக்கு வரி பார்த்து முதலிலிருந்து நிறுவுவார், அப்புறம் முந்தைய வெர்ஷனுக்குத் திரும்புவார். எழுதியவர் பின்னால் உட்கார்ந்திருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. நேரம் குறித்துக்கொள்வோம்.

போன மாதம் 9-வது படியில் நின்றது. கீபோர்டில் இருந்தவர், மூன்று நாள் அலைந்த அதே நிரலர். பின்னால் இருந்த நான் என்னையறியாமல் “ஓ, அதுவா!” என்று ஆரம்பித்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சொல்லாதீங்க சார், கையேட்ல எழுதுங்க” என்றார். எழுதினேன். இப்போது 23 படிகள். மேலே ‘55 நிமிடம்’ என்று போட்டிருக்கிறது. அளந்து போட்டது.